ஆடியா, போர்ஷேயா: பதினேழு வேகத்தடைகளில் உருட்டிப் பார்த்த கதை

எங்கள் வார்ப்படப் பட்டறையில் மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஆசாரியிடம் இருபத்தாறு வருடமாகப் பம்ப் உறைக்கும் அதற்குள் சுழலும் இம்பெல்லருக்கும்தான் அச்சு கேட்டு வந்திருக்கிறேன். போன வைகாசியில் முதல்முறையாக ஒரு காரின் அடிவயிற்றுக்கு அச்சு கேட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அளவுத்தாளைப் பார்த்தவர், "சுருக்கம் எவ்வளவு சேர்க்கட்டும் முதலாளி? இரும்புக்கா, அலுமினியத்துக்கா?" என்றார். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவது எங்கள் வழக்கம். வார்க்கப் போவதில்லை, ரோட்டில் உருட்டப் போகிறோம் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இரண்டு பக்கவாட்டு வடிவங்களை வெட்டிக் கொடுத்தார். ஒன்று ஆடி ஆர்8 வி10 ப்ளஸ். இன்னொன்று போர்ஷே 911 கரேரா எஸ். இரண்டுமே தரையோடு ஒட்டி ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள்; நம் வேகத்தடைகளில் எது தட்டும் என்று வாங்கும் முன் பார்க்கத்தான் இந்தப் பலகைகள். சக்கரங்களையும் டயர் அளவுக்கே மரத்தில் திருப்பி, சுழலும்படி ஆணி அடித்திருந்தார்.

ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் பொருள் வாங்கும் முன் ஐயாயிரம் ரூபாய்க்குப் பலகை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று என் மாப்பிள்ளைக்குத் தோன்றியது. எனக்கோ, பலகை வாங்காமல் கார் வாங்குவதுதான் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. எங்கள் தொழிலில் அச்சு போடாமல் உலை மூட்டுவதில்லை.

எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை புதிதல்ல. பதினாறு வயதில், மோட்டார் ஏற்றிச் சென்னைக்குப் போன லாரியில் தொற்றிக்கொண்டு சோழவரம் பந்தயம் பார்த்தவன் நான். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு என்று பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் கோவைக்காரரான பந்தய வீரர் கரிவரதன் தாமே வடிவமைத்த கார்களோடு வந்து நின்ற காலம். இன்று செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கி.மீ. பந்தயத் தளம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்கே போய்விட்டார். நான் மட்டும் இன்னோவாவில் அரசூர்ப் பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஐம்பத்தேழு வயதாகிறது. மகளுக்குத் திருமணம் ஆயிற்று. வங்கிக் கடன் முடிந்தது. "ஏனுங்க, வாங்குவதாக இருந்தால் முதுகு வளைகிறபோதே வாங்கிவிடுங்கள்" என்று வீட்டிலும் உத்தரவு கிடைத்துவிட்டது.

புதிதாக வாங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் இந்த வகைக் கார்களுக்கு இறக்குமதி வரியே காரின் விலை அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அதற்கும் மேல், இருபது லட்சத்தைத் தாண்டிய கார் என்றால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது ஜெர்மனியில் ஒரு கார் வாங்குகிறவன் இங்கே வரியாக இன்னொரு காருக்குப் பணம் கட்டுகிறான். அந்த இன்னொரு காரை யாரோ முதலில் வாங்கியவர் கட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் இரண்டாம் கைக்கு வந்தேன்.

இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டன. திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு ஏற்றுமதியாளரிடம் 2017 ஆர்8. அவர் கேட்டது ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம். கொச்சியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2020 போர்ஷே, ஒரு கோடியே நாற்பத்தேழு. மாப்பிள்ளை எக்செல் தாளில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் போட்டியே இல்லை. ஆர்8-இல் பத்து சிலிண்டர், 5,204 சிசி, 610 குதிரைத்திறன், நூறு கி.மீ. வேகத்தைத் தொட 3.2 நொடி, உச்ச வேகம் 330. போர்ஷேயில் ஆறு சிலிண்டர், 2,981 சிசி, 450 குதிரைத்திறன், சீக்கிரம் சீறிக் கிளம்ப உதவும் ஸ்போர்ட் க்ரோனோ வசதி பொருத்தியிருந்தாலும் 3.5 நொடி, உச்ச வேகம் 308. "மாமா, மூன்று வயது மூத்த வண்டி, ஒன்பது லட்சம் குறைவு, நூற்றறுபது குதிரை கூடுதல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். தாளில் ஆர்8 வரிசை முழுக்கப் பச்சை வண்ணம்.

அந்தத் தாளில் இல்லாத ஒரு வரிசையை நான் பேனாவால் எழுதினேன். வீட்டிலிருந்து பட்டறை வரை உள்ள வேகத்தடைகள்.

வேகத்தடைக்கு நம் நாட்டில் அளவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், பதினேழு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு கீற்று. கணக்குப் போட்டால், முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,650 மி.மீ. இடைவெளி உள்ள ஆர்8-இன் வயிற்றுக்கு நடுவே அந்தத் திட்டு சுமார் 52 மி.மீ. எழும்பும். 2,450 மி.மீ. உள்ள போர்ஷேக்கு 44 மி.மீ. இரண்டுமே தட்டாமல் தாண்டிவிடும். அந்த அளவில் வேகத்தடை போட்டிருந்தால் நான் ஆசாரியைத் தொந்தரவு செய்திருக்கவே மாட்டேன். நம் தெருக்களில் இருப்பதோ, தார் மிச்சமானால் கொட்டிவிட்டு, ரோலர் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்ட ரகம். குறுகலாக, செங்குத்தாக, கரும்புக் கட்டைப் புதைத்தது போல.

காலை ஐந்து மணிக்கு, பால்காரர்களுக்கும் முன்னால், ஆசாரியும் இரண்டு பையன்களும் நானும் பலகைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பதினேழு வேகத்தடைகளிலும் இறக்கி, உருட்டி, எங்கே தட்டுகிறது என்று சாக்பீஸால் குறித்தோம். ஆறாவது வேகத்தடையில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் நெடுஞ்சாலைத் துறை என்றே முடிவு செய்துவிட்டார். "ரோட்டை அப்புறம் அளக்கலாம் தம்பி, முதலில் எங்கள் சாக்கடையைப் பாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். உண்மையிலேயே மோசமான சாக்கடைதான்.

கணக்கு இப்படி வந்தது: ஆர்8 பலகை பதினேழில் ஐந்தில் வயிறு தட்டியது. போர்ஷே பலகை நான்கில் தட்டியது, வயிறு இரண்டில், மூக்கு இரண்டில். இந்த அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கொச்சி வண்டியில் முன்பக்கத்தை ஒரு பொத்தானால் நாற்பது மில்லிமீட்டர் வரை தூக்கும் வசதி பொருத்தியிருந்தது. திருப்பூர் வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. பலகையின் முன் சக்கரத்துக்கு மேல் நாற்பது மி.மீ. ஆப்பு வைத்து மறுபடி உருட்டினோம். நான்கு ஒன்றாயிற்று. மிச்சமான அந்த ஒன்று எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயில் எதிரில் இருப்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆர்8-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டினேன். திருப்பூர்க்காரர் வண்டியைச் சாமி சிலை போல வைத்திருக்கிறார். எட்டு வருடத்தில் 6,800 கி.மீ. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்கச் சார்ஜர் மாட்டியே நிற்கிறது. பெருமையாகச் சொன்னார். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். கோடுகள் அப்படியே புதிதாக இருந்தன, ஆனால் பக்கச் சுவரில் 2216 என்று அச்சு. 2016-ஆம் ஆண்டின் இருபத்திரண்டாவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஒன்பது வயது ரப்பர். நகத்தால் அழுத்தினால் பழைய அழிப்பான் மாதிரி இருக்கிறது. ஓடாத வண்டி புது வண்டி ஆகாது. ஓடாத கிணற்று மோட்டாரை ஐப்பசியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இப்போதைய பெட்ரோலில் எத்தனாலும் சேர்ந்துவிட்டது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். மாதக்கணக்கில் டேங்கில் தேங்கி நிற்பது எந்த எஞ்சினுக்கும் நல்லதல்ல.

ஆனால் ஸ்டியரிங்கிலேயே இருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திய நொடியில் டயர், எத்தனால், எக்செல் எல்லாம் மறந்துவிட்டது.

அந்த எஞ்சினைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிளாக் சுமார் பதினேழு சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம். சிலிண்டருக்குள் இரும்பு லைனர் கிடையாது. உட்சுவரை மெருகேற்றும்போது அலுமினியத்தைச் சற்றே உள்வாங்கச் செய்து, கடினமான சிலிக்கான் துகள்களை வெளியே துருத்தி நிற்க வைக்கிறார்கள். பிஸ்டன் அந்தத் துகள்களின் மேல் ஓடுகிறது. இந்த உலோகக் கலவையை வார்ப்பது எவ்வளவு தொல்லை என்று எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். மெதுவாக ஆறவிட்டால் சிலிக்கான் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், அதன் பிறகு எந்த வெட்டுளியும் நிற்காது. ஓசைக்கும் காரணம் உண்டு. பத்து சிலிண்டர்கள் தொண்ணூறு டிகிரி 'வி' வடிவில் நிற்கின்றன; எதிரெதிர் சிலிண்டர்கள் கிராங்க் தண்டின் ஒரே முளையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. 54 டிகிரி, 90 டிகிரி, மறுபடி 54, 90 என்று நொண்டி நொண்டி ஐந்து ஜோடியாக வருகின்றன. ஐந்து ஜோடி என்றால் கண்ட நடை. கோயிலில் பம்பைக்காரர் கண்டத்தில் அடிக்கும்போது கால் தானாக ஆடுமே, அந்த வகை. இதே எஞ்சினைத்தான் லம்போர்கினி ஹுராக்கானிலும் போட்டார்கள். 2024-இல் ஆர்8 உற்பத்தி நின்றது. டர்போ, அதாவது காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி, இல்லாத பத்து சிலிண்டர் இனி அவர்களிடமிருந்து வரப்போவதில்லை.

நீலாம்பூர் தாண்டி செங்கப்பள்ளிப் பக்கம் ஆறு வழிச்சாலை காலியாக இருந்தது. இதன் உச்ச இழுவை 560 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது. 610 குதிரையும் வரிசைக்கு வருவது 8,250 சுற்றில். மூவாயிரத்தில் ஓட்டும்போது நல்ல, அடக்கமான, கொஞ்சம் சலிப்பூட்டும் ஜெர்மன் கார். மெதுவாகப் போனால் பாதி எஞ்சினை, ஐந்து சிலிண்டர்களை, தானே உறங்க வைத்துவிடுகிறது. ஆறாயிரத்தைத் தாண்டியதும் குரல் மாறுகிறது. ஏழாயிரத்தில் முதுகுத்தண்டில் ஏறுகிறது. எட்டாயிரத்தை முதல் கியரில் ஒருமுறை, இரண்டாவது கியரில் ஒருமுறை தொட்டேன். இரண்டாவது கியர் முடிவதற்குள் சாலையோரப் பலகையில் போட்டிருக்கும் வேகம் முடிந்துவிட்டது. காரில் ஏழு கியர். மீதி ஐந்துக்கு நம் ஊரில் தூங்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

திரும்பி வரும்போது அவிநாசி சாலையில் காய்கறி டெம்போவுக்குப் பின்னால் முப்பது கி.மீ. வேகத்தில் வந்தேன். கல்யாண மண்டபத்தில் பெரிய நாதஸ்வர வித்வானைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பேச்சுச் சத்தத்தில் வாசிக்க விடாமல் அடித்தது போல இருந்தது. தவறு வித்வான் மேல் இல்லை.

என் மனைவி பத்து கிலோமீட்டர் உடன் வந்தாள். இந்தக் காரில் திரை ஒன்றே ஒன்றுதான், ஓட்டுபவர் முகத்துக்கு நேராக. நடுவில் எதுவும் கிடையாது. "பாட்டை மாற்றவும் உங்களைத்தான் கேட்க வேண்டுமா?" என்றாள். இருக்கை அசையாத ஓடு வகை. என் இடுப்பு அதற்குள் பொருந்தியது என்று சொல்வதைவிட, அது என் இடுப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று சொல்லலாம். இறங்குவதற்கு மாப்பிள்ளை கை கொடுத்தார்.

பிரேக் விஷயமும் இருக்கிறது. ப்ளஸ் வகைக்குக் கார்பன் செராமிக் தட்டுகள். எடை குறைவு, சூடு தாங்கும், பார்க்கவும் அழகு. மாற்ற வேண்டி வந்தால் ஆகும் தொகையைக் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். போர்ஷேயில் இருப்பது 350 மி.மீ. வார்ப்பிரும்புத் தட்டுகள். வார்ப்பிரும்பு எங்கள் ஊர்ச் சரக்கு. அதன் மேல் எனக்கு ஒரு சாதிப்பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

போர்ஷே கொச்சியிலிருந்து தட்டு லாரியில் வந்தது. போய்வரும் வாடகை என்னுடையது, ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் அவர்கள் ஆள் உட்காருவார் என்று ஒப்பந்தம். வந்ததும் பட்டறையிலிருந்து பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்துவந்து கதவில் வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. பானெட்டில் வைத்தேன், ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற இன்னோவாவில் வைத்தால் ஒழுங்காகக் காட்டுகிறது. அப்புறம்தான் உறைத்தது: என்னுடையது காந்தத்தால் வேலை செய்யும் கருவி, இந்தக் காரின் மேற்தோல் அலுமினியம். வருடக்கணக்கில் இரும்பையே தொட்டுப் பழகியவனின் மூளை அது. வேறு கருவி கடன் வாங்கிப் பார்த்ததில் வலது கதவில் மட்டும் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு தடிமன். ஒருமுறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முன் மூக்கின் அடியில் நீளமாகச் சிராய்ப்பு. இரண்டையும் வியாபாரி சொல்லவில்லை. கேட்டபோது, "அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை" என்றார். பெரிய விஷயம் இல்லையென்றால் விலையில் குறைப்பதும் பெரிய விஷயமாக இருக்காதே என்றேன்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் விவரத்தாள். எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டார்களா என்பது அதில் தெரியும். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும். இந்த வண்டி 11,400 கி.மீ. ஓடியிருந்தது. எஞ்சின் ஓடிய நேரம் 612 மணி. வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்குப் பத்தொன்பது கி.மீ.கூட இல்லை. 308 கி.மீ. வேகம் போகக்கூடிய கார் ஐந்து வருடமாகக் கொச்சி நெரிசலில் ஆட்டோக்களுக்கு இடையில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. பாவமாக இருந்தது. அதே நேரத்தில், அப்படி ஐந்து வருடம் நின்றும் கிளட்சு, கியர் பெட்டி, குளிர்சாதனம் எதிலும் குறை இல்லை என்பது என் உபயோகத்துக்கு எவ்வளவு பெரிய சான்று! திருப்பூர் வண்டி பரீட்சையே எழுதவில்லை. இது எனக்கு வரப்போகும் கேள்வித்தாளையே எழுதித் தேறியிருந்தது.

ஓட்டுவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். போர்ஷேயில் வண்டியைக் கிளப்பும் திருகு இடப்பக்கம் இருப்பது பழைய மரபு. அந்தக் காலத்தில் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் ஓட்டுநர்கள் ஓடிவந்து காரில் ஏறுவார்கள். இடக்கையால் கிளப்பிக்கொண்டே வலக்கையால் கியர் போடலாம் என்பதற்காக என்று கதை சொல்வார்கள். நம் ஊருக்கு வரும் வலப்பக்க ஓட்டு வண்டியில் அது கதவோரமாக வலக்கைக்கு வந்துவிடுகிறது. கதை இடம் மாறினாலும் கை அங்கேதான் போகிறது.

இந்தக் காரின் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. 1963-இல் 901 என்று பெயர் சூட்டிக் காட்டியபோதே அங்கேதான் இருந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கம் எங்களுடையது என்று பெஷோ என்ற பிரெஞ்சுக் கார் நிறுவனம் சண்டைக்கு வந்ததால்தான் 911 ஆயிற்று. எஞ்சின் மட்டும் இடம் மாறவில்லை. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பின்பாரம் கூடினால் நுகம் தூக்கும். மாட்டின் கழுத்துக்கு லேசாக இருக்கும், ஆனால் வண்டி பிடி கொடுக்காது. அதை அறுபது வருடமாகத் திருத்தித் திருத்தி, பின்பாரத்தையே பலமாக்கி வைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்தின் மேல் பாரம் இருப்பதால் மிதித்தால் வழுக்காமல் பற்றுகிறது. முன்பக்கம் லேசாக இருப்பதால் ஸ்டியரிங் நூல் கோத்த ஊசி மாதிரி திரும்புகிறது.

மாங்கரை தாண்டி ஆனைகட்டி மலைப்பாதையில் ஏறினோம். ஆனி மாதச் சாரல் பிடித்துக்கொண்டது. முன்சக்கர வளைவுக்குள் தெறிக்கும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருக்கும் உணரி ஒன்று இதில் உண்டு. சாலை நனைந்திருக்கிறது, ஈர நிலைக்கு மாற்றிக்கொள் என்று திரையில் சொன்னது. மாற்றினேன். கார் உடனே ஒரு வயது முதிர்ந்தது போல நிதானமாயிற்று. மழை விட்டதும் பழையபடி திருப்பினேன்.

இங்கேதான் எக்செல் தாளில் இல்லாத இரண்டாவது விஷயம். இந்தக் காரின் 530 நியூட்டன் மீட்டர் இழுவை 2,300 சுற்றிலேயே வந்து நின்றுவிடுகிறது. 5,000 வரை அப்படியே இருக்கிறது. ஆர்8-ஐவிட உச்சத்தில் முப்பதுதான் குறைவு, ஆனால் கிடைக்கிற இடம் வேறு. ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு வருவதற்குள் இருக்கும் அறுபது எழுபது மீட்டரில், நாற்பது கி.மீ. வேகத்திலிருந்து அறுபதுக்குள், அந்தக் கார் தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொச்சிப் பையன் செல்பேசியை மடியில் வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டான். வேகமுள்ளைப் பார்த்தேன். சட்டத்துக்குள்தான் இருந்தேன்.

ஓசை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டர்போ ஓசையை விழுங்கிவிடுகிறது. நல்ல தையல் மிஷின் சத்தம், கொஞ்சம் சளி பிடித்தாற்போல. ஆர்8-ஐக் கேட்ட காதுக்கு இது பத்தாது. மூன்று இரவு அந்தக் கண்ட நடைக் குரல் என் தூக்கத்தில் வந்தது. பட்டறைச் சத்தத்தில் முப்பது வருடம் கழித்த என் காது, மேல் சுருதி பாதி போன காது, அதற்காக ஏங்கியது என்றால் அந்த எஞ்சினின் பெருமையைப் புரிந்துகொள்ளலாம். வீட்டில் இரண்டு கார் நிறுத்த இடம் இருந்து, ஒன்றைப் பேரனுக்குக் காட்ட மட்டும் வைத்திருக்கக்கூடியவர் என்றால் ஆர்8 வாங்குங்கள். என்னைக் கேட்கவே கேட்காதீர்கள்.

பேரன் என்றதும் நினைவு வருகிறது. போர்ஷேயின் பின்னால் இரண்டு இருக்கை என்று பெயருக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு அது தண்டனை. ஆறு வயதுப் பையனுக்குச் சரியாக அளவெடுத்தது. அவன் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தான். முன் பானெட்டுக்குள் 132 லிட்டர் இடம். ஒரு பயணப் பெட்டியும் சத்தியமங்கலத்திலிருந்து வாங்கிவரும் வாழைச்சீப்பும் போகும். கணினி காட்டிய பெட்ரோல் கணக்கு போர்ஷேக்கு லிட்டருக்கு எட்டு சொச்சம், ஆர்8-க்கு ஐந்து. இந்த விலைக்குக் கார் வாங்குகிறவன் மைலேஜ் பேசக் கூடாது என்பார்கள். எதற்குப் பேசக் கூடாது? பணம் என்னுடையது.

ஆடியின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: அவர்களுக்குக் கோவையிலேயே பணிமனை இருக்கிறது. போர்ஷேக்குக் கொச்சியோ சென்னையோ பெங்களூரோ போக வேண்டும். கொச்சி நான்கு மணி நேரம்தான், மாமியார் ஊருக்குப் போவது போல வருடத்துக்கு ஒருமுறை போய்வரலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனி இருபத்தெட்டில் போர்ஷேக்கு முன்பணம் கொடுத்தேன். கதவுப் பெயின்டுக்கும் மூக்குச் சிராய்ப்புக்கும் சேர்த்து நான்கு லட்சத்து இருபதாயிரம் குறைத்தார்கள். அவசரத்துக்குக் காரணம் என் மனைவி. ஆடி பிறந்துவிட்டால் முன்பணமும் கொடுக்கக் கூடாது, வண்டியும் எடுக்கக் கூடாது. "ஆடியை வாங்கவில்லை, சரி. ஆடியிலும் வாங்காதீர்கள்" என்றாள். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் எக்செல் தாள் வருத்தம் கரைந்துவிட்டது. ஆடி மூன்றாம் தேதி திருப்பூர்க்காரர் தொலைபேசியில் அழைத்து, பதினொரு லட்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஆடித் தள்ளுபடி துணிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு மட்டும் தூக்கம் வரவில்லை.

கேரளத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். புதுச்சேரி முகவரியில் பதிந்துவிட்டால் வரியில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு தரகர் கணக்குச் சொன்னார். அப்படிச் செய்து செய்தித்தாளில் வந்தவர்களின் கதை எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். ஆவணியில் வண்டி வீட்டுக்கு வரும்.

இதற்கிடையே போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் பண்டிகை. கூட்டம் வரும் என்று, கோயில் எதிரில் ஏற்கெனவே இருந்த வேகத்தடையின் மேலேயே ராவோடு ராவாக இன்னொரு அடுக்குத் தார் கொட்டியிருக்கிறார்கள். காலையில் ஆசாரியை அழைத்தேன். போர்ஷே பலகையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நேராக உருட்டினால் வயிறு திட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. நாற்பது மி.மீ. ஆப்பு வைத்தோம். அப்போதும் உரசியது. சக்கரத்தைச் சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி குறுக்காகப் பிடித்து நகர்த்தினார். பலகை ஒரு முறை முனகிவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது. ஆசாரி குனிந்து இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"ஒன்றரை விரல் இருக்கிறது முதலாளி. ஆனால் தேங்காய் உடைத்த ஓடு கிடந்தால் போகாது."